பிரிவதா, சேர்ந்திருப்பதா என்று கேட்கும் முன், யாரைக் கேட்பது?

1948 டிசம்பரில் பினாங்கின் பெரிய அமைப்புகள் கூடி ஒரு முடிவெடுத்தன. ஐரோப்பியர் வர்த்தக சபை, சீனர் வர்த்தக சபை, இந்தியர் வர்த்தக சபை, ஸ்ட்ரெய்ட்ஸ் சீனர்களின் சங்கம், யூரேசியர் சங்கம் ஆகியவை அதில் இருந்தன. இன்றைய மலேசியாவின் முன்னோடியான மலாயா கூட்டரசு பிறந்து அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. அந்தக் கூட்டரசை விட்டுப் பினாங்கு வெளியேற வேண்டும், சிங்கப்பூரைப் போல் பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடி ஆளுகைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. 1949 பிப்ரவரியில் அது பினாங்கின் ஆட்சி மன்றமான செட்டில்மெண்ட் மன்றத்தில் தீர்மானமாக வந்தது. அரசு அதிகாரிகளின் வாக்குகளால் தோற்றது. அதன்பின் லண்டனுக்கு மனு போனது. 1951-இல் லண்டன் கைவிரித்துவிட்டது.

இதை முழுமையான தேசிய விடுதலைக் கோரிக்கை என்று சொல்ல முடியாது. ஒரு பேரரசின் கீழிருந்து அதே பேரரசின் இன்னொரு கிளைக்கு மாற்றக் கேட்ட மனு அது. ஆனால், ஒரு நிலப்பகுதி தன் நாட்டை விட்டு விலகலாமா என்ற விவாதத்தில் இன்று உலகெங்கும் கேட்கும் வாதங்கள் அத்தனையும் அன்றே பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் பேசப்பட்டுவிட்டன. இல்லாமல் போனது பொதுவாக்கெடுப்பு ஒன்றுதான். அந்த ஆண்டுகளில் தீவின் சாதாரண மக்களிடம் யாரும் வாக்குச்சீட்டைக் கொடுத்துக் கேட்கவில்லை.

ஸ்காட்லாந்து, கியூபெக், நியூ கலிடோனியா, போகன்வில் என்று எந்த ஊரில் பொதுவாக்கெடுப்பு வந்தாலும், எந்தப் பக்கத்தின் வாதம் வலுவானது என்றே நாம் முதலில் கேட்கிறோம். பினாங்கில் வாழும் தமிழர்கள் அதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாக்காளர் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது? சீட்டில் அச்சான கேள்வி என்ன? பல நேரங்களில் வாதம் தொடங்கும் முன்பே இந்த இரண்டும் விடையில் பாதியை எழுதிவிடுகின்றன. நம் சொந்த வரலாறே இதற்குச் சான்று.

பினாங்கு விலக வேண்டும் என்றவர்களின் முதல் கவலை துறைமுகம். 1786-இல் பிரான்சிஸ் லைட் குடியேற்றத்தைத் தொடங்கிய நாள் முதல் இந்தத் தீவு வரியில்லாத வணிகத்தை வைத்தே வளர்ந்தது. சிங்கப்பூர், மலாக்காவுடன் சேர்ந்து 1826-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்ற ஒரே பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி ஆனது. 1867-இல் லண்டனின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. 1946-இல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டபோது சிங்கப்பூர் தனியாக நிறுத்தப்பட்டது, பினாங்கு தீபகற்பத்தோடு இணைக்கப்பட்டது. வணிகர்களுக்கு இது பெரிய அடி. கோலாலம்பூரில் உட்கார்ந்து சுங்கவரி விதிப்பவர்களுக்குப் பினாங்கின் பிழைப்பு எங்கே புரியும் என்று கேட்டார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமுக்கே, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்துக்கே, எல்லாக் கவனிப்பும் போய்விடும் என்று அஞ்சினார்கள். பிரிட்டிஷ் குடிமக்கள் என்ற தகுதி கைநழுவிவிடும், கூட்டரசின் புதிய குடியுரிமை விதிகள் மலாய்க்காரர் அல்லாதவர்களை ஓரத்தில் நிறுத்திவிடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

கூடாது என்றவர்களிடமும் கனமான பதில் இருந்தது. பினாங்கு உருக்கிய வெள்ளீயம் பேராக்கிலிருந்து வந்தது. ஏற்றுமதி செய்த ரப்பர் கெடாவிலும் பேராக்கிலும் வடிந்த பால். பின்நிலம் இல்லாமல் துறைமுகம் எதை ஏற்றும், எதை இறக்கும்? மேலும் செட்டில்மெண்ட் என்பது தீவு மட்டுமன்று; நீரிணைக்கு அப்பால் புரோவின்ஸ் வெல்லஸ்லியும், அதாவது இன்றைய செபராங் பிறையும், அதில் அடங்கும். அங்கே மலாய்க்காரர்களே அதிகம். தீவு போக விரும்பினால் அவர்களும் கூடவே போக வேண்டுமா? ஒன்பது மலாய் மாநில ஆட்சியாளர்களோடு பாடுபட்டு எட்டிய ஒப்பந்தத்தில் ஒரு செங்கல்லை உருவினால் மொத்தச் சுவரும் ஆடும் என்பதே பிரிட்டிஷ் அரசின் கணக்கு. 1948 ஜூனில் கம்யூனிஸ்டு கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியிருந்ததால் அந்தக் கணக்கு இன்னும் இறுகியது.

யாருடைய பயம் உண்மையானது? இரண்டு பக்கத்தினருடையதும் ஓரளவு பலித்தது. வரியில்லாத் துறைமுகத் தகுதி தொடரும் என்று அன்று கொடுக்கப்பட்ட உறுதி, மெர்டேக்காவுக்குப் பின், அதாவது 1957 சுதந்திரத்துக்குப் பின், தேய்ந்து 1969-இல் முற்றாக முடிந்தது. வேலையின்மை தீவை வாட்டியது. வணிகர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன் சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் எழுந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்து வீடுகளிலிருந்து நம் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்து ஏறினார்கள். பின்நிலத்தோடு சேர்ந்திருந்ததால்தான் அதற்கான ஆட்கள் கிடைத்தார்கள். பிரிவினை விவாதத்தின் வாதங்களை அந்த ஆண்டே தராசில் வைத்து நிறுத்துவிட முடியாது. சில வாதங்கள் தலைமுறை கடந்துதான் எடை காட்டும்.

இப்போது தமிழர் பக்கம் வருவோம். அந்தக் கூட்டத்தில் இந்தியர் வர்த்தக சபை இருந்தது என்றேனே, அதற்கு வெளியே யார் இருந்தார்கள்? வெல்ட் குவே படித்துறைகளில் மூட்டை சுமந்தவர்கள், நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள், பாயான் லெப்பாஸ் முதல் நிபோங் திபால் வரை பால்மரம் சீவியவர்கள். இவர்கள் சார்பில் பேசக்கூடிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1948 ஜூனில்தான் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பினாங்கு மன்றத்தில் தீர்மானம் தோற்றதற்கும் அந்தத் தூக்குக்கும் இடையே மூன்று மாதம்தான். வணிகர்கள் மனு எழுதிய அதே காலத்தில் தொழிலாளர்களுக்கு வாய் இல்லாமல் செய்யப்பட்டது. பினாங்கு பிரிவினையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை. எனக்கு அவை பிரிக்க முடியாதவை.

குடியுரிமையோ இன்னும் கடுமையான கதை. 1948 கூட்டரசு ஒப்பந்தத்தின்படி, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்த பிரிட்டிஷ் பிரஜை தொடர்ந்து 15 ஆண்டு கூட்டரசில் வசித்திருந்தால் குடிமகனாகலாம். வெளியிலிருந்து வந்தவர்கள் நீண்டகால வசிப்பை நிரூபித்து விண்ணப்பிக்க வேண்டும், மலாயோ ஆங்கிலமோ ஓரளவு தெரிந்திருக்கவும் வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, தோட்டத்தில் தமிழ் மட்டுமே பேசிக் காலம் கழித்தவருக்கு இதில் எத்தனை படி ஏற முடியும்? 1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத்தேர்தலைப் பாருங்கள். கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51-ஐ வென்றது. அந்த வெற்றியையே கூட்டணியின் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத்துக்கான மக்கள் ஆணையாக லண்டனுக்குக் கொண்டுபோனார். அந்தத் தேர்தலின் வாக்காளர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் கீழே. மக்கள்தொகையில் நம் பங்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மெர்டேக்காவை வேண்டாம் என்ற தமிழர்கள் அதிகம் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நாளைக் கொண்டாடியவர்களில் பெரும்பகுதியினர் அதைப் பற்றி வாக்களிக்கும் இடத்தில் இல்லை என்கிறேன்.

மலேசியா உருவானபோது ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது, சிங்கப்பூரில், 1962 செப்டம்பர் 1-ஆம் தேதி. அதில் பினாங்குக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. இணையலாமா வேண்டாமா என்ற கேள்வியே சீட்டில் இல்லை. எப்படி இணைவது என்று மூன்று வழிகள் மட்டும் இருந்தன; எழுத்துத் தெரியாதவர்களுக்காகச் சின்னங்களும் இருந்தன. முதல் வழிக்குச் சிங்கப்பூர்க் கொடி. கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூரின் கையிலேயே இருக்கும் என்பது அதன் சாரம். இரண்டாவது வழி மற்ற மாநிலங்களைப் போல முழுதாக இணைவது. அதற்குப் போட்ட சின்னம் பினாங்கின் கொடி. மூன்றாவது, சபா, சரவாக் ஆகிய போர்னியோப் பகுதிகளுக்குக் கிடைக்கும் அதே நிபந்தனைகள்.

‘பினாங்கு, மலாக்கா போல முழு இணைப்பு’ என்று முதலில் குரல் எழுப்பியவர்கள் எதிர்க்கட்சியான பாரிசான் சோசியாலிஸ். அரசு அதைக் குடியுரிமையை வைத்தே மடக்கியது. பினாங்கில் நடப்பிலுள்ள விதியை அப்படியே கொண்டுவந்தால், சிங்கப்பூரில் பிறக்காத லட்சக்கணக்கானோர் தானாகக் குடிமக்களாக முடியாது என்று எடுத்துச் சொன்னது. கேட்டவர்கள் நடுங்கிப்போனார்கள், அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. பாரிசான் வெற்றுச்சீட்டுப் போடச் சொன்னது. முதல் வழிக்கு 71 விழுக்காடு, வெற்றுச்சீட்டு 25 விழுக்காடு. மற்ற இரண்டும் சேர்ந்து நான்கைக்கூடத் தொடவில்லை. கேள்வியை எழுதுபவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் வட்டாரத்தில் இல்லை.

சபா, சரவாக்கில் வாக்கெடுப்பே இல்லை. மக்கள் கருத்தறிய அமைக்கப்பட்ட கோபால்ட் ஆணையம் ஊர் ஊராகப் போய்க் கேட்டது. மூன்றில் ஒரு பங்கினர் மலேசியாவை விரும்புகிறார்கள், ஒரு பங்கினர் பாதுகாப்பு நிபந்தனைகளோடு விரும்புகிறார்கள், மீதிப் பேர் முதலில் தனிச் சுதந்திரம் என்றோ பிரிட்டிஷ் ஆட்சியே தொடரட்டும் என்றோ பிரிந்து நிற்கிறார்கள் என்று எழுதியது. அந்த நடுப் பங்கினரின் நிபந்தனைகள் நிறைவேறினவா என்ற வழக்குதான் 1963 மலேசிய ஒப்பந்தம் என்ற பெயரில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் வெளியேறியபோது அதுவும் கிடையாது. நாடாளுமன்றத்தில் 126-க்குப் பூஜ்யம் என்று ஒரே நாளில் முடிந்தது. சேர்வதற்கு மூன்று வழி காட்டப்பட்ட மக்களிடம் பிரிவதற்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

வாதம், கேள்வி, பட்டியல் மூன்றும் ஓரளவு நேர்மையாக அமைந்த வாக்கெடுப்பு ஒன்று உண்டா என்றால், 2014 செப்டம்பர் 18-இல் ஸ்காட்லாந்தில் நடந்ததைச் சொல்வேன். கேள்வி மிக எளிது: ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா? ஆம், இல்லை. அதற்கு ஈராண்டு முன்பே எடின்பரோவும் லண்டனும் ஒப்பந்தம் போட்டு முடிவை மதிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தன. ‘ஆம்’ பக்கம் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சாமண்டின் அரசு 600 பக்கத்துக்கும் மேற்பட்ட வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ‘இல்லை’ பக்கத்தை அலிஸ்டர் டார்லிங் வழிநடத்தினார்.

வாதங்களில் முதலாவது நாணயம். பவுண்டையே வைத்துக்கொள்வோம் என்றது ஒரு பக்கம். அதற்குப் பங்காளியாக முடியாது என்று லண்டனின் நிதியமைச்சர் 2014 பிப்ரவரியில் கதவைச் சாத்தினார். இது ‘இல்லை’ பக்கத்துக்குப் பெரும் பலம். மலேசியாவும் சிங்கப்பூரும் பிரிந்த பிறகும் 1967 வரை ஒரே வெள்ளியைப் புழங்கின, அதன்பின் ஆறாண்டு ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டன. ஆகவே பொது நாணயம் முடியாத காரியமில்லை என்று நமக்குத் தெரியும். இரு அரசுகளும் மனம் வைக்க வேண்டும் என்பதும் தெரியும். இரண்டாவது எண்ணெய். வட கடல் எண்ணெய் பீப்பாய்க்கு 110 டாலர் அளவில் இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். வாக்கெடுப்பு முடிந்த நான்காம் மாதம் விலை 50-க்குக் கீழே போனது. மூன்றாவது ஐரோப்பிய ஒன்றியம். பிரிந்தால் ஒன்றியத்துக்கு வெளியே நிற்பீர்கள் என்று எச்சரித்தார்கள். 2016-இல் பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தது, ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் எதிர்த்தும். சேர்ந்திருந்ததால்தான் வெளியே போனார்கள்.

வாதங்கள் இப்படிக் காலத்தோடு புரண்டன. பட்டியல் மட்டும் நின்றது. ஸ்காட்லாந்தில் வசிப்பவரே ஸ்காட்லாந்தின் முடிவுக்கு உரியவர் என்று வைத்தார்கள். 16 வயதானவர்கள் வாக்களித்தார்கள். அங்கே சட்டப்படி வசித்த ஐரோப்பிய, காமன்வெல்த் நாட்டினரும் வாக்களித்தார்கள். அதாவது கிளாஸ்கோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பினாங்குத் தமிழ் மாணவருக்கு வாக்கு இருந்தது, லண்டனில் குடியிருந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு இல்லை. இரத்தத்தையும் பரம்பரையையும் விட்டு, யார் அந்த மண்ணில் வரி கட்டி, பேருந்து ஏறி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்பதை அளவுகோலாக எடுத்தார்கள். 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 55.3-க்கு 44.7 என்று ‘இல்லை’ வென்றது. அந்தப் பட்டியல் எனக்கு அந்த முடிவைவிடப் பெரியது. தோட்டத்தில் அரை நூற்றாண்டு உழைத்தும், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இறந்தவர்களின் வழிவந்த சமூகத்துக்கு அது எப்படிச் சிறியதாகத் தெரியும்?

நேர்மாறான இடங்களும் உண்டு. கனடாவின் கியூபெக்கில் 1995 அக்டோபர் 30-இல் 50.58 விழுக்காடு ‘இல்லை’ என்றது. அன்றிரவே பிரிவினைப் பக்கத்தின் தலைவர் ஜாக் பாரிசோ, பணமும் இனக்குழு வாக்குகளும் தங்களைத் தோற்கடித்தன என்றார். மாண்ட்ரியலில் அகதியாக வந்து குடியேறி, குடியுரிமை பெற்று, முதல்முறை வாக்களித்த ஈழத்தமிழர் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்? மறுநாள் பாரிசோ பதவி விலகலை அறிவித்தார் என்பதும் உண்மை. ஆனால் எல்லைக்கோடு ஒரு விழுக்காட்டில் நிற்கும்போது, சிறுபான்மையின் வாக்கு உரிமையாகத் தெரியாமல் குற்றமாகத் தெரியும் ஆபத்து எந்த நாட்டிலும் உண்டு.

பசிபிக்கில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட நியூ கலிடோனியாவில் பிரச்சினை தலைகீழ். பிரான்சிலிருந்து புதிதாக வந்து குவிபவர்கள் பூர்வகுடிக் கானாக் மக்களின் குரலை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக, நீண்டகாலம் வசித்தவர்களுக்கே வாக்கு என்று பட்டியலைக் கட்டுப்படுத்தினார்கள். 2018-இல் 56.7 விழுக்காடும் 2020-இல் 53.3 விழுக்காடும் பிரான்சோடு இருக்கவே வாக்களித்தன. 2021-இல் கானாக் கட்சிகள் புறக்கணித்தன, ‘இல்லை’ 96.5 விழுக்காடாகப் பாய்ந்தது, வந்து வாக்களித்தவர்களோ 44 விழுக்காடு. வசிப்பவர் எல்லாருக்கும் வாக்கு என்ற ஸ்காட்லாந்து வழி, குடியேற்றத்தால் தன் மண்ணிலேயே சிறுபான்மையான மக்களுக்கு அநியாயமாகலாம். கூலியாக அழைத்துவரப்பட்டவரும், ஆட்சியாளரோடு வந்து குடியேறியவரும் ஒரே வகை வந்தேறிகள் இல்லையே. இந்த வேறுபாட்டை எந்த விதியும் இதுவரை சரியாகப் பிடித்ததில்லை.

ஈழத்தைப் பற்றிப் பேசாமல் மலேசியத் தமிழர்களிடையே இந்த விவாதம் முடிவதில்லை. 1976-இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடங்கள். அதை மக்கள் தீர்ப்பு என்றார்கள், நியாயமாகவே. ஆனால் தேர்தல் சீட்டில் கட்சியும் வேட்பாளரும் இருந்தார்கள். ஆம், இல்லை என்ற கேள்வி இல்லை. மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானோருக்கு அப்போது இலங்கைக் குடியுரிமையே இல்லை. 1983-இல் ஆறாவது அரசியல் சட்டத்திருத்தம் தனிநாடு கேட்பதையே தடைசெய்தது. கேட்க இடமில்லாமல் அடைத்துவிட்ட பிறகு, மக்கள் உண்மையில் எதை விரும்பினார்கள் என்பது முடிவில்லாத சண்டையாகிவிடுகிறது. வாக்கெடுப்பு வேண்டும் என்போர் பக்கத்தின் மிக வலுவான வாதம் இதுதான் என்பது என் கருத்து.

வாக்கெடுப்பு நடந்தும் முடியாத கதையும் இருக்கிறது. பாப்புவா நியூ கினியின் போகன்வில் 2019-இல் 98 விழுக்காடு சுதந்திரம் என்றது. அந்த முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது, இரு தரப்பும் கலந்துபேச வேண்டும், நாடாளுமன்றம் ஏற்க வேண்டும் என்று சமாதான ஒப்பந்தமே சொல்கிறது. ஆகவே அந்தத் தீவு இன்னும் பேச்சுவார்த்தை மேசையில்தான் இருக்கிறது.

எந்த நாட்டில் அடுத்த வாக்கெடுப்பு வந்தாலும், அங்குள்ள நம்மவர்கள் இரு பக்கத்துப் பிரசாரகர்களிடமும் எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்விகள் உண்டு. புதிய நாட்டின் குடிமக்கள் தானாக யார், விண்ணப்பித்து யார்? பழைய நாட்டின் சேமநிதியில் சேர்த்த பணம் எந்த எல்லைக்குள் வரும்? பிள்ளையின் பள்ளி மொழிக்கு உத்தரவாதம் சட்டத்திலா, மேடைப் பேச்சிலா? எல்லைக்கு அப்பால் வேலை பார்ப்பவர் அடுத்த திங்கட்கிழமை எதைக் காட்டி உள்ளே போவார்? 1960-களின் கடைசியில் இங்கே குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பினாங்குத் துறையில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர்களில் இங்கேயே பிறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை அனுப்பிவைத்தது எந்தப் பிரிவினையும் இல்லை. நாடு பிறந்த நேரத்தில் தீராமல் விட்ட குடியுரிமைக் கணக்கு.

ஸ்காட்லாந்தில் இரண்டாவது வாக்கெடுப்பு வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. லண்டனின் சம்மதமின்றி எடின்பரோ அதை நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2020-இல், ஸ்காட்டிஷ் நாடாளுமன்றம் தன் தேர்தல்களுக்கான பட்டியலை இன்னும் விரித்திருந்தது. எந்த நாட்டவராயினும் அங்கே சட்டப்படி வசித்தால் வாக்களிக்கலாம்; அகதித் தகுதி பெற்றவர்களுக்கும் அது பொருந்தும்.